சேர்க்கைக் கூலி பாக்கிக்கு மாட்டைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: பொலிகாளை வளர்க்கிறேன். போன வருடம் ஒருவர் தன் இரண்டு பசுக்களை என் கொட்டகையில் விட்டு, காளைக்குச் சேர்த்து ஓட்டிப்போனார். கூலி இன்னும் வரவில்லை. இரண்டும் கன்று ஈன்றுவிட்டன. இப்போது அவருடைய கிடாரி ஒன்று சேர்க்கைக்காக என்னிடம் நிற்கிறது. பழைய பாக்கிக்காக அதை நிறுத்தி வைக்கலாமா? கன்றுகளில் எனக்குப் பங்கு உண்டா?

பதில்: கன்றில் பங்கு கிடையாது. காளை யாருடையதானாலும் கன்று தாய்ப்பசுவின் சொந்தக்காரருக்கே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 163ஆம் பிரிவில், இதற்குப் பசுவையே உதாரணமாகக் காட்டுகிறது: பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்ட பசு கன்று போட்டால், கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும்.

கிடாரி விஷயம் வேறு. நம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கு உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தால், அந்த வேலைக்கான கூலி கைக்கு வரும்வரை பொருளைத் தராமல் வைத்திருக்கலாம் என்கிறது 170ஆம் பிரிவு. சட்டத்தின் கண்ணில் மாடும் பொருள்தான். பொலிக்குதிரைக்காரருக்கு இப்படிப்பட்ட உரிமை உண்டு என்று இங்கிலாந்தில் 1838லேயே தீர்ப்பாகியிருக்கிறது.

ஆனால் எந்த மாட்டுக்கு வேலை செய்தீர்களோ, அந்த மாட்டின் கூலிக்கு மட்டுமே இந்த உரிமை. பழைய கணக்குக்கு வேறொரு மாட்டைப் பிடித்து வைக்கும் பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கிக்காரர் போன்ற சிலருக்கே தருகிறது. நீங்கள் அதில் வரமாட்டீர்கள். அதனால் கிடாரியை இந்தமுறைக் கூலிக்காக நிறுத்தலாம், பழைய பாக்கிக்காக முடியாது. 'பணம் பிறகு தந்தால் போதும்' என்று ஒத்துக்கொண்டிருந்தால் இதுவும் இல்லை. நிறுத்தி வைத்த காலத்தில் தீனி, தண்ணீர், வைத்தியம் எல்லாம் உங்கள் பொறுப்பு. இந்த உரிமையை வைத்து விற்கவும் கூடாது.

வருடம் முழுக்கத் தீனி போட்டுக் காளையைக் காப்பவருக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தயவுசெய்து அவர் தொழுவத்துக்குப் போய்ப் பசுவை அவிழ்த்து வராதீர்கள். மாடு உங்கள் வாசலைத் தாண்டிய அன்றே பிடித்து வைக்கும் உரிமை போய்விட்டது. மிஞ்சியது வெறும் கடன். கடனை வசூலிக்க மாட்டை ஓட்டி வந்தாலும் அது திருட்டு வழக்காகலாம்.

பழைய பாக்கிக்கு வழி, எழுத்தில் அறிவிப்பு, பிறகு சிவில் வழக்கு. கட்டணம் தரும் நாள் பேசாதிருந்தால், வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஜெயித்தாலும் அவருடைய எல்லா மாடுகளையும் ஜப்தி செய்ய முடியாது. விவசாயியின் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடுகளுக்கு 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காப்பு தருகிறது. அதனால் நான் வழக்கைவிடக் கையெழுத்தையே நம்புவேன்.

கிடாரியை ஓட்டிப்போக வரும் அன்று, இந்தமுறைக் கூலியை வாங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுங்கள். அப்படியே, பழைய இரண்டு பசுக்களுக்கு இவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் தேதி போட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். கெடு முடியும் முன் அவர் அப்படி எழுதிக் கொடுத்தால், 3 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும்.