பி.கே. பானர்ஜி வெறும் பேச்சாளரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.கே. பானர்ஜியைப் பெரிய கால்பந்துப் பயிற்சியாளர் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். ஆட்டக்காரராகப் பெரிய ஆள்தான். ஆனால் பயிற்சியாளராக அவர் செய்ததெல்லாம் ஆட்டத்துக்கு முன் உணர்ச்சி பொங்கப் பேசியது மட்டுமே என்கிறார் என் கல்கத்தா நண்பர். நல்ல ஆட்டக்காரர்கள் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்தானே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர், பி.கே.க்குப் போட்டியாக இருந்த பயிற்சியாளர் அமல் தத்தாவின் கட்சி என்று நினைக்கிறேன். கல்கத்தாவில் அது ஒரு தனிக் கட்சி. அமல் வியூகம் வகுப்பவர், பி.கே. வாயால் ஜெயிப்பவர் என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். பி.கே.யின் பேச்சுக்கு ‘வோக்கல் டானிக்’, அதாவது வாய்ப்பேச்சு டானிக், என்றே பெயர். அந்தப் பெயர் அவருக்கு நல்லது செய்யவில்லை என்பது என் எண்ணம்.

அவர் ஆடிய காலத்தைக் கொஞ்சம் பாருங்கள். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளான ஈஸ்ட் பெங்காலுக்கோ மோகன் பகானுக்கோ அவர் ஆடியதே இல்லை. கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வேதான். 1958இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கை வென்றது. இவ்விரண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் சேர்ந்த மூன்று பெரிய கிளப்புகளுக்கு வெளியே இன்னோர் அணி அதை வெல்ல 2019 வரை ஆயிற்று! அதாவது, எளிய அணியை வைத்துக்கொண்டு பெரிய அணியை எப்படி எதிர்கொள்வது என்பது அவருக்கு ஆட்டக்காரராகவே பழகிப்போன விஷயம்.

அப்புறம் அன்றைய இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்றது. மைதானம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். தலையில் தையலோடு இருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்கள வீரராக இறக்கினார். ஒரு கோல் பி.கே. போட்டது, மற்றது ஜர்னைல். யாரை எங்கே நிறுத்துவது, அவனை அதற்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது, இரண்டும் ஒரே வேலைதான் என்பதை பி.கே. அந்த அணியில் இருந்து பார்த்தவர். அவருடைய பேச்சு அங்கிருந்து வந்தது. மேடைப் பேச்சு அல்ல அது.

1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு வருவோம். மோகன் பகானுக்கு அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. ஆட்களை வைர வடிவில் நிறுத்தும் அமலின் ‘டைமண்ட்’ வியூகம் அப்போது எல்லாரையும் துவம்சம் செய்துகொண்டிருந்தது. போதாததற்கு எதிரணியினரின் பெயர்களை வேறு கேலி செய்தார்; ஈஸ்ட் பெங்கால் வீரர் ஒமோலோ ‘ஆம்லெட்’ ஆனார். பி.கே.க்கு இதைவிட என்ன வேண்டும்? சால்ட் லேக்கில் 1,30,000 பேருக்கு மேல் பார்க்க, ஈஸ்ட் பெங்கால் 4-1. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல். டானிக் வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் வெறும் ரோஷத்தால் அந்த டைமண்டை உடைத்துவிட முடியாது.

தேசிய அணியை எடுத்துக்கொண்டால் அவர் கணக்கு சுமார்தான். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணிக்கு அவரும் பாஷாவும் இணைந்து பயிற்சி தந்தார்கள். ஆனால் 1982 டெல்லியில் சொந்த மண்ணில் காலிறுதியோடு சரி, சவூதி அரேபியாவிடம் 1-0 தோல்வி. நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் பாதிக்குப் பாதி ஒப்புக்கொண்டிருப்பேன்.

‘யார் வேண்டுமானாலும்’ என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1970 முதல் 1975 வரை ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறு முறை லீக் வென்றது. அதில் கடைசி நான்கு ஆண்டுகள் பி.கே.யுடையவை. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தது அந்த அணிதான். மறு ஆண்டு அவர் அதே மோகன் பகானுக்குப் போனார். 1976 லீக் மோகன் பகானுக்கு. ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ஆட்டத்தில் அக்பர் 17ஆவது நொடியிலேயே கோல் போட்டார். 1977இல் ஷீல்டு, ரோவர்ஸ், டுராண்ட் என்று மூன்று கோப்பைகளும் மோகன் பகானுக்கே வந்தன. பெலே ஆடிய அமெரிக்க கிளப் காஸ்மாஸோடு ஈடன் கார்டனில் 2-2 என்று டிராவும் செய்தார்கள்.

அந்த 1976ஐப் பற்றி நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.