ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் என்ன குறைந்துவிடும்?

(விமானங்களின் எரிபொருள் கணக்கைப் போடும் டிஸ்பாட்சர் வேலையில் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

கேள்வி: தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் நிம்மதிதானே?

எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் வேண்டுமே! கூடுதலாக ஏற்றியதில் மணிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் அதைத் தூக்கிச் செல்வதற்கே எரிந்துவிடும். பத்து மணி நேரப் பயணத்துக்கு ஒரு டன் ஏற்றினால், போய்ச் சேரும்போது 700 கிலோ சொச்சம்தான் மிஞ்சும். தவிர, தரையிறங்கும் எடைக்கும் வரம்பு உண்டு. குறுகிய பயணத்தில் நிறைந்த தொட்டி அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

கேள்வி: குறைந்தபட்சம் எவ்வளவு?

ஓடுபாதைவரை உருண்டு செல்ல, பயணத்துக்கு, எதிர்பாராததற்குப் பொதுவாக பயண எரிபொருளில் 5 சதவீதம், மாற்று விமான நிலையம் போய்ச் சேர, கடைசியாக 1500 அடி உயரத்தில் அரை மணி நேரம் வட்டமிட. இதில் யாரும் கை வைக்கக் கூடாது. பேரம் எல்லாம் இதற்கு மேல்தான்.

கேள்வி: இறங்கும் ஊரில் விலை அதிகம் என்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக. இதற்கு 'டாங்கரிங்' என்று பெயர். ஒன்றரை மணி நேரப் பயணத்தில் சுமை கூலி நாலைந்து சதவீதம்தான். விலை வித்தியாசம் அதைத் தாண்டினால் லாபம். பத்து மணி நேரம் என்றால் அங்கே 40 சதவீதத்துக்கு மேல் விலை கூடியிருக்க வேண்டும், அது அபூர்வம். உள்நாட்டு விமானங்களுக்கான எரிபொருள் மீது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக 29 சதவீத வாட் வரி; சில மாநிலங்களில் 5 சதவீதத்துக்கும் கீழே. சென்னைக்கு வருகிற விமானம் ஏன் கனமாக வருகிறது என்று இனிக் கேட்க மாட்டீர்கள். 2022 நெருக்கடியில் கொழும்பில் எரிபொருளே தட்டுப்பாடு. அங்கிருந்து கிளம்பிய பல விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயின. அப்போது விலைக் கணக்கெல்லாம் பேச்சில்லை.

கேள்வி: கேப்டன் இன்னும் கேட்டால்?

கொடுத்துவிட வேண்டும், இறுதி முடிவு அவருடையது. மழைமேகம் சூழ்ந்த மாலையில் 500 கிலோ கூடுதலாகக் கேட்பவரிடம் நான் வாதாடியதில்லை. வானம் தெளிந்த காலையில், வழக்கமாக ஓடுகிற தடத்தில், பழக்கத்தால் கேட்பவரிடம் மட்டும் காரணம் கேட்பேன்.

கேள்வி: எரிபொருள் தீர்ந்து விழுந்த விமானம் உண்டா?

உண்டு. 1990 ஜனவரி 25, கொலம்பியாவின் அவியாங்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம். நியூயார்க்கை நெருங்கி, தாமதங்களால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தது. விமானிகள் முன்னுரிமை கேட்டார்களே தவிர, 'அவசரநிலை' என்ற சொல்லைச் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள்.