நிதி நிற்கப்போகிறது: அடுத்த திட்டத்தை யாரோடு உட்கார்ந்து போடுவது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். மாலைநேரப் படிப்பு மையங்களும் பெண்களுக்கான தையல் கூடமும் உண்டு. பெரும்பகுதிப் பணம் ஒரே கம்பெனியின் சி.எஸ்.ஆர். நிதி (சமூகப் பொறுப்புக்காகக் கம்பெனிகள் ஒதுக்கும் பணம்), அது வரும் மார்ச்சோடு முடிகிறது. அடுத்த மூன்றாண்டுத் திட்டத்தை எல்லோரையும் உட்காரவைத்து, 'பிசினஸ் மாடல் கேன்வாஸ்' வரைந்து தயாரிக்கச் சொல்கிறார்கள். சேவை அமைப்புக்கு இது பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஒரு திருத்தத்தோடு. யாருக்கு என்ன தருகிறோம், பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதை ஒரே தாளில் காட்ட அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் உருவாக்கிய அந்த ஒன்பது கட்டப் படத்தில், பொருளை வாங்குகிறவரே பெரும்பாலும் பணமும் தருகிறார். உங்களிடம் படிப்பது பிள்ளை, பணம் தருவது கம்பெனி. அதனால் வாடிக்கையாளர் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்: பயன் பெறுபவர், பணம் தருபவர். அந்தக் கம்பெனிக்கு உங்களால் என்ன கிடைக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஆலை இருக்கும் ஊரில் நல்ல பெயரா, ஒழுங்கான அறிக்கையா, சட்டப்படி லாபத்தில் செலவழிக்க வேண்டிய 2 சதவீதத்துக்கு நம்பகமான இடமா? இது தெரிந்தால்தான் அடுத்து யார் கதவைத் தட்டுவது என்பது தெரியும்.

பலர் கோட்டைவிடுவது செலவுக் கட்டத்தில்தான். உதாரணத்துக்கு, தையல் கூடத்தில் ஒரு துணிப்பை 60 ரூபாய்க்கு விற்கிறது, துணியும் கூலியும் 52 ரூபாய் என்று வையுங்கள். 8 ரூபாய் லாபம் என்று தோன்றும். கட்டட வாடகை, கரண்ட் பில், ஒருங்கிணைப்பாளரின் பாதிச் சம்பளம் ஆகியவை படிப்பு மையக் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். அவற்றைச் சேர்த்தால் அடக்கம் 75 ரூபாய் ஆகலாம். சி.எஸ்.ஆர். நிதி நின்ற மாதமே தையல் கூடமும் ஆட்டம் காணும். நஷ்டம் என்பதற்காகக் கூடத்தை மூட வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த 15 ரூபாயை யார் தாங்குவது என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

கூட்டாக உட்காரச் சொல்வதும் இதற்காகத்தான். ஒருங்கிணைப்பாளரின் நேரம் எங்கே போகிறது என்பது களப்பணியாளருக்குத் தெரியும். எந்தப் பை விற்காமல் தேங்குகிறது என்பது தைக்கிற அக்காவுக்குத் தெரியும். பன்னிரண்டு, பதினைந்து பேர் போதும்: தைக்கும் பெண்கள், மையத்து ஆசிரியர்கள், ஒன்றிரண்டு பெற்றோர், கணக்கர், அறங்காவலர் இருவர். பெண்களை முதலில் தனியாகப் பேசவிடுங்கள். அறங்காவலர் முன்னால் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றுதான் வரும். அன்றைய கூலியை ஈடுகட்டுங்கள். இறுதி முடிவு அறங்காவலர் குழுவுடையது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுக் கைவிட்டார்கள் என்ற மனக்கசப்பு வந்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

'அரவிந்த் மாதிரி செய்யலாமே' என்று யாராவது சொல்வார்கள். டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்தக் கண் மருத்துவமனையில், கட்டணம் செலுத்துபவர்களின் பணம் இலவச சிகிச்சைக்கு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கி நிற்பது குறைந்த அடக்கச் செலவு. கிராமத்து இளம்பெண்களைப் பயிற்றுவித்துப் பல வேலைகளை ஒப்படைத்தார்கள். அதனால் மருத்துவருக்கு அறுவை சிகிச்சைக்கு அதிக நேரம் கிடைத்தது. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்புக் கூடத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே குறைந்த விலையில் தயாரித்தார்கள். விலைப்பட்டியலை மட்டும் காப்பியடித்தால் உங்களுக்கு உதவாது.

படம் முடிந்ததும் எது உண்மை, எது நம்பிக்கை என்று இரண்டு நிற மையில் குறியுங்கள். "பள்ளிகள் சீருடைக்கு ஆர்டர் தரும்" என்பது நம்பிக்கை. மூன்று தலைமையாசிரியர்களைப் போய்ப் பாருங்கள். ஒருவராவது முன்பணம் தந்தால்தான் அந்த வரியைத் திட்டத்தில் ஏற்றுங்கள்.

வரவுக் கட்டத்தை நிரப்பும்போது ஆடிட்டரும் உடனிருக்கட்டும். வருமான வரிச் சட்டப்படி உங்கள் அமைப்பு 'பொதுநலன்' என்ற பொதுப் பிரிவில் வந்தால், வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; கல்வி, ஏழைகளுக்கான உதவி போன்ற பிரிவுகளுக்கு விதி வேறு. கூட்டாளிகள் கட்டத்தில் வேறு தொண்டு நிறுவனத்தை எழுதுகிறீர்கள் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. இடத்தையோ ஆட்களையோ பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாக அதை அமையுங்கள்.