மேகம் எப்படி உருவாகிறது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

மேகம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேகம் என்பது நீராவிதானே சார்?

இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கைக் கவனியுங்கள். மூக்கை ஒட்டி ஒரு விரற்கடை தூரம் வெறுமையாக இருக்கும். நீராவி இருப்பது அங்கேதான். அதைத் தாண்டி வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். மேகமும் அதே சரக்குதான்: நுண்ணிய நீர்த்துளிகள், நல்ல உயரத்தில் பனிப்படிகங்கள். ‘ஆவி பறக்கிறது’ என்கிறோமே, பறப்பது துளிதான்!

கேள்வி: மேலே போகப்போகச் சூரியனை நெருங்குகிறோம். பிறகு காற்று ஏன் குளிர்கிறது?

சூரியன் இருப்பது ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் தொலைவில். அதில் நாலைந்து கிலோமீட்டர் ஏறுவது ஒரு கணக்கே இல்லை. தவிர, வெயில் முதலில் தரையைத்தான் சூடாக்குகிறது. காற்று பெரும்பாலும் தரையிடமிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

சூடான காற்று மேலே கிளம்புகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவு, அதனால் விரிகிறது. விரிய வேண்டுமென்றால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அந்த வேலைக்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. சைக்கிள் டயரின் வால்வைத் திறந்து விரலைக் காட்டிப் பாருங்கள், வெளிவரும் காற்று சில்லென்று இருக்கும். ஏறும் காற்று இப்படி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. ஓர் உயரத்தில் பனிநிலையைத் தொடும், அதாவது நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை. மேகம் பிறக்கும் இடம் அது.

கதை அதோடு முடிவதில்லை. ஆவி துளியாகும்போது, முன்பு ஆவியாவதற்கு வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மேகத்துக்குள் காற்று மெதுவாகத்தான் குளிரும், கிலோமீட்டருக்கு 6 டிகிரி போல. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் இன்னும் மேலே ஏறும். இடிமேகங்கள் 10 கிலோமீட்டரைத் தாண்டி வளர்வதற்கு இந்த வெப்பம்தான் எரிபொருள்.

கேள்வி: மேகத்தின் அடிப்பகுதி மட்டும் வெட்டி வைத்தாற்போல் தட்டையாக இருக்கிறதே?

பனிநிலையைத் தொடும் உயரம் அது. பஞ்சுப்பொதி மேகங்களுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்குங்கள். 32 டிகிரி வெயில், பனிநிலை 24 என்றால் அடிப்பகுதி சுமார் 1000 மீட்டரில்.

கேள்வி: தூசி இல்லாவிட்டால் மேகமே வராது என்கிறார்கள். உண்மையா?

ஏறக்குறைய உண்மை. மிகச்சிறிய துளியின் பரப்பு அதிகம் வளைந்திருக்கும்; அதிலிருந்து மூலக்கூறுகள் எளிதில் தப்பிவிடும். உட்கார இடம் இல்லாமல் ஆவி தானாகவே துளியாக வேண்டுமென்றால், ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கும் ஆவியோடு ஒப்பிட்டால் இருக்கும் ஆவி எவ்வளவு என்ற கணக்கு) பல நூறு சதவீதத்துக்குப் போக வேண்டும். கடல் உப்போ புகைத்துகளோ இருந்தால் 100 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே போதும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சனுடையது. 1894இல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் மேகங்களைப் பார்த்து மயங்கி, அவற்றை ஆய்வகத்தில் செய்து பார்க்கக் கிளம்பினார். தூசியை நீக்கிய காற்றிலும், போதுமான அளவு விரிய விட்டால் மின்னூட்டம் பெற்ற அணுக்களைப் பிடித்துக்கொண்டு துளிகள் வந்தன. அதிலிருந்து உருவான முகில் அறை என்ற கருவி, அணுவைவிடச் சிறிய மின்னூட்டத் துகள்களின் பாதையையே துளிக்கோடாகக் கண்ணுக்குக் காட்டியது. 1927இல் நோபல் பரிசு! மேகத்தை வேடிக்கை பார்த்ததில் இப்படியும் ஒரு லாபம்.

கேள்வி: அவ்வளவு தண்ணீர் ஏன் விழாமல் மிதக்கிறது?

விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு கன கிலோமீட்டர் மேகத்தில் 500 டன் தண்ணீர் இருக்கலாம். ஆனால் துளியின் விட்டம் 0.02 மில்லிமீட்டர் அளவுதான், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும். மேலேறும் காற்று அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். தப்பிக் கீழே வந்தாலும் வறண்ட காற்றில் மறைந்துவிடும். மலையுச்சியில் மணிக்கணக்காக நகராமல் நிற்கும் மேகத்தைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அதனூடே காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது; ஒரு பக்கம் துளி பிறக்கிறது, மறுபக்கம் காய்கிறது. மேகத்தை ஒரு பொருளாக நினைப்பதால்தான் இந்தக் குழப்பம்.

கேள்வி: அப்புறம் மழை எப்படி?

ஒரு மழைத்துளிக்கு மேகத்துளிகள் சுமார் பத்து லட்சம் சேர வேண்டும். ஒன்றோடொன்று மோதிச் சேரலாம். அல்லது, உறைநிலைக்குக் கீழும் உறையாத துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் வந்தால், அது ஆவியையெல்லாம் இழுத்துக்கொண்டு வேகமாகப் பெரிதாகும். கீழே வரும் வழியில் உருகி மழையாகும்.

கேள்வி: மேகங்கள் மோதினால்தான் இடி என்று பள்ளியில் சொன்னார்கள்.

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். தவறு. மோதுவது மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்கள். அதில் மின்னூட்டம் பிரிகிறது. மின்னல் தன் வழியிலுள்ள காற்றைக் கண்ணிமைப்பதற்குள் சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாக்க, அது வெடித்து விரியும் சத்தம்தான் இடி.

கேள்வி: விமானம் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோடு புகையா?

மேகம்தான். எரிபொருள் எரிந்து வரும் நீராவி, கடுங்குளிரில் துளியாகி உடனே உறைகிறது. கோடு சட்டென்று மறைந்தால் மேலே காற்று வறண்டிருக்கிறது. அகன்று பரவினால் ஈரமாக இருக்கிறது.