அரசியல் கொலை என்றாலே பயங்கரவாதமா?

இல்லை. மகளின் பட்டிமன்றப் பேச்சில் "அரசியல் காரணத்துக்காகக் கொன்றால் அது பயங்கரவாதமே" என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

காரணத்தையும் குறியையும், அதாவது யாரை மிரட்டப் பார்த்தார்கள் என்பதையும், ஒன்றாகக் குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 130பி பிரிவு இரண்டையும் கேட்கிறது: அரசியல், சமயம் அல்லது கொள்கை சார்ந்த நோக்கம் வேண்டும்; கூடவே மக்களை மிரட்டவோ அரசாங்கத்தைப் பணியவைக்கவோ செய்த செயலாகவும் இருக்க வேண்டும். கட்சிக் கிளைப் பதவிச் சண்டையில் ஒருவரைத் தீர்த்துக்கட்டினால், அது பெரும்பாலும் அதே சட்டத்தின் 302 பிரிவு, வெறும் கொலைதான்.

பேராக்கில் உள்ள நம் சுங்கை சிப்புட்டையே வைத்துச் சோதித்துப் பாருங்கள். 1948 ஜூன் 16 காலை எல்பில் ரப்பர் தோட்ட அலுவலகத்தில் துரை, அதாவது வெள்ளைக்கார மேலாளர், கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். பின் சூன் தோட்டத்தில் இன்னும் இருவர். ரப்பர்ப் பால்வாளியை அப்படியே போட்டுவிட்டுத் தான் ஓடியதாக என் பாட்டி சொல்வார். குறி அந்த மூவர் மட்டும்தானா, அல்லது ஆட்சியேவா? மகளையே பதில் சொல்ல விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: "கடுமையான தண்டனை வேண்டும்" என்ற வாதம் எடுபடாது, 302-லும் தூக்கு உண்டு. வேறுபாடு தடுப்புக் காவலில்தான். பயங்கரவாதம் என்றால் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டத்தின் கீழ் 28 நாள் வரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமலே வைத்திருக்கலாம். எதிரணி அங்கேதான் பிடிக்கும்.