ஆர்க்டிக் உணவு, விலங்கு, மக்கள்: கேள்வி பதில்

வட துருவப் பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அந்த உணவில் என்னென்ன கலந்திருக்கிறது, அங்குள்ள விலங்குகளை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள். இந்த மூன்றைப் பற்றித்தான் விரிவாகப் பதில் சொல்ல முடியும். மற்றவற்றுக்கு ஒரு வரி, அல்லது யாரைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பு.

செல்வி: காய்கறி, பழம் எதுவும் விளையாத இடத்தில் வாழும் இனுயிட் பழங்குடி மக்களுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் ஏன் வரவில்லை?

வைட்டமின் சி பழத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. பெலுகா திமிங்கிலத்தின் பச்சைத் தோலில் 100 கிராமுக்குச் சுமார் 36 மி.கி., பச்சைக் கரிபூ (வட அமெரிக்க ரெயின்டீர்) ஈரலில் சுமார் 24 மி.கி. இருக்கிறது. ஆரஞ்சில் 50 மி.கி. அளவு. ஸ்கர்வி வராமல் தடுக்க நாளொன்றுக்கு 10 மி.கி. போதும். ஆக, கையளவு தோலிலேயே வேலை முடிந்தது. சமைத்தால் கணிசமாகக் குறையும் என்பதால், பச்சையாகவோ உறைந்த நிலையிலோ சாப்பிடுவது இங்கே பலன் தருகிறது. அதே கடலில் ஐரோப்பிய மாலுமிகள் ஸ்கர்வியில் செத்தது உப்புக்கண்டமும் பிஸ்கோத்தும் மட்டுமே தின்றதால்.

ஈரல் என்றதும் எல்லா ஈரலும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். துருவக் கரடியின் ஈரல் விஷம். சீல்களைத் தின்று தின்று கரடியின் ஈரலில் வைட்டமின் ஏ குவிந்துவிடுகிறது. 1597-ல் ரஷ்யாவின் வடக்கே நோவயா செம்ல்யா தீவில் சிக்கியிருந்த டச்சு மாலுமி பேரன்ட்ஸின் ஆட்கள் அதைச் சமைத்துத் தின்றார்கள். மூன்று பேருக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தோல் உரிந்தது. வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் அந்த வைட்டமின் போகாது.

ஆனந்த்: மைனஸ் 20-ல் வைத்தால் இறைச்சியில் இருக்கும் புழு செத்துவிடுமே மேடம். அப்புறம் பச்சையாகச் சாப்பிட என்ன பயம்?

பன்றி இறைச்சிக்கு அது சரி. அதில் இருக்கும் டிரிக்கினெல்லா ஸ்பைராலிஸ், மைனஸ் 15 டிகிரியில் மூன்று வாரம் வைத்தால் சாகும். கரடியிலும் வால்ரஸிலும் இருப்பது வேறு இனம், டிரிக்கினெல்லா நேட்டிவா. அது உறைபனிக்குப் பழகியது; உறைந்த கரடி இறைச்சியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். காயவைப்பது, புகை போடுவது, உப்பில் ஊறவைப்பது எதையும் நம்ப முடியாது. உள்ளே, நடுப்பகுதியில் 74 டிகிரி எட்ட வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது என்பதால் அதுவும் உதவாது.

வால்ரஸைப் பச்சையாகவும் பதப்படுத்தியும் உண்பது கனடாவின் வட கியூபெக்கில் உள்ள நுனாவிக்கில் பழைய வழக்கம். அதை விடச் சொல்லாமலே பிரச்சினையைத் தீர்த்திருக்கிறார்கள். வேட்டையாடியதும் ஒவ்வொரு வால்ரஸின் நாக்கும் குஜுவாக்கில் உள்ள ஆய்வகத்துக்குப் போகிறது. ஓயாமல் வேலை செய்யும் தசைகளில்தான் இந்தப் புழு அதிகம் தங்கும், அதனால் நாக்கு. இந்தச் சோதனையில் தசையை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த நீரில் 45 டிகிரி அளவில் அரை மணி நேரம் சுழற்றுவார்கள். செயற்கை இரைப்பை என்றே சொல்லலாம். தசை கரைந்துவிடும், புழு கரையாது. சல்லடையில் வடித்து, அடியில் படிவதை நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். முடிவு வரும்வரை அந்த விலங்கின் இறைச்சியை யாருக்கும் பங்கிடக் கூடாது. இதில் சறுக்குவது பெரும்பாலும் ஆய்வகத்தில் இல்லை. எந்த நாக்கு எந்த விலங்குடையது என்ற அடையாளச் சீட்டு மாறினால் மொத்தச் சோதனையும் வீண்.

குளிர் கொல்லும் என்று நம்பாதீர்கள். குளிர் பத்திரப்படுத்தும். இன்று இதை நான் பலமுறை சொல்ல வேண்டிவரும் போலிருக்கிறது.

பாத்திமா: அலாஸ்காவில் தலைமுறை தலைமுறையாக மீன் தலையைப் புளிக்க வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இப்போது மட்டும் ஏன் போட்டுலிசம் என்ற உணவு நச்சு நோய் வருகிறது?

முன்பும் வந்தது, பாத்திரம் மாறியபின் கூடியது. பழைய முறையில் புல் பரப்பிய குழியில், குளிர்ந்த மண்ணில், வாரக்கணக்கில் மெதுவாகப் புளிக்கும். இப்போது மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, அதுவும் வீட்டுக்குள் அடுப்போரம். காற்றில்லாத இடம், கதகதப்பு: இரண்டும் அந்த பாக்டீரியாவுக்கு விருந்து. அங்கே அதிகம் காணப்படும் ‘E’ வகை பாக்டீரியா, 3 டிகிரியை ஒட்டிய குளிரிலும் வளரக்கூடியது. சாதாரண குளிர்சாதனப் பெட்டியும் காவல் இல்லை.

நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 10 நிமிடம் கொதிக்க வைத்தால் நச்சு அழியும். ஆனால் புளித்த உணவை யாரும் கொதிக்க வைத்துச் சாப்பிடுவதில்லை, அதுதான் சிக்கல். இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது, வாய் வறள்வது, விழுங்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. எதிர்நச்சு மருந்து சீக்கிரம் ஏறினால்தான் பலன்.

முருகேசன்: செர்னோபில் அணு உலை விபத்தால், வட ஐரோப்பாவின் சாமி பழங்குடி மக்களின் ரெயின்டீர்கள் பாதிக்கப்பட்டது எப்படி? அது எவ்வளவோ தூரமாயிற்றே?

1986 ஏப்ரல் இறுதியில் அந்த மேகம் கடந்தபோது நடு நார்வேயிலும் சுவீடனின் சில பகுதிகளிலும் மழை பெய்தது. எங்கே மழையோ அங்கே சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இறங்கியது. பக்கத்துப் பள்ளத்தாக்கு தப்பியிருக்கும். மழையில் இறங்கியதை அப்படியே பிடித்துவைத்துக்கொண்டது லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்). அதற்கு வேர் கிடையாது. உணவையெல்லாம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுக்கும், மிக மெதுவாக வளரும். ரெயின்டீருக்குக் குளிர்காலத்தில் அதுதான் தீனி. அதனால் கோடையில் புல் மேயும்போது இறைச்சியில் சீசியம் குறையும், குளிர்காலத்தில் ஏறும். காளான் அதிகம் முளைக்கும் ஆண்டில் கோடைக் கடைசியிலேயே ஏறிவிடும்.

முதல் ஆண்டு சுவீடனில் ரெயின்டீர் இறைச்சியின் பெரும்பகுதியை ஒதுக்கித் தள்ளினார்கள். மனிதர் தின்றுவிடக் கூடாதென்று நீலச்சாயம் பூசி, தோலுக்காக வளர்க்கும் மிங்க், நரிப் பண்ணைகளுக்குத் தீனியாக அனுப்பினார்கள். நார்வே 1986 நவம்பரில் ரெயின்டீர் இறைச்சிக்கான வரம்பைக் கிலோவுக்கு 600 பெக்கெரலிலிருந்து (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) 6,000 ஆக்கியது. தொழிலைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. சாதாரண நார்வேக்காரர் ஆண்டு முழுக்க ரெயின்டீர் தின்பது மிகச் சொற்பம் என்பது அவர்கள் வாதம். தினமும் அதையே தின்னும் மேய்ப்பர் குடும்பத்துக்கு அந்த வாதம் பொருந்தாது, அவர்களுக்குத் தனி ஆலோசனை கொடுக்க வேண்டியிருந்தது.

செய்யக்கூடியவை இவை. சீசியத்தின் அரை ஆயுள் 30 ஆண்டு, ஆனால் ரெயின்டீரின் உடம்பிலிருந்து பாதி வெளியேற மூன்று வாரம்தான் ஆகும். எனவே 4,000 பெக்கெரல் உள்ள மானுக்கு ஆறு வாரம் சுத்தமான தீனி போட்டால் ஆயிரத்துக்கு வந்துவிடும். இன்னொரு வழி, பிரஷ்யன் ப்ளூ என்ற நீலநிறப் பொருள் கலந்த மெழுகு உருண்டையை விழுங்க வைப்பது. அது இரைப்பையில் தங்கி வாரக்கணக்கில் கரையும். சீசியத்தைக் குடலிலேயே பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். வெட்டுவதற்கு முன் உயிருள்ள மானின் பின்தொடையில் கருவியை வைத்து அளந்து, அதிகமிருந்தால் மறுபடி தீனிக்கு அனுப்புவார்கள். குளிர்காலம் வரும் முன்பே வெட்டும்படி பருவத்தையும் மாற்றினார்கள். சமையலறையில் என்றால், சிறு துண்டாக வெட்டி உப்புநீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்ட வேண்டும். உறைய வைத்தால் ஒரு பெக்கெரல்கூடக் குறையாது.

ரவி: பழங்குடியினரின் பாரம்பரிய அறிவை ஆர்க்டிக் ஆராய்ச்சியாளர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். திமிங்கிலம் பிடிக்கிறவன் “கடலில் திமிங்கிலம் நிறைய இருக்கு” என்றுதானே சொல்வான்? அதை எப்படி அறிவியல் என்பது?

சந்தேகம் நியாயமானது. 1977-ல் இதே சந்தேகம்தான் வந்தது. அலாஸ்காவின் போஹெட் திமிங்கிலங்கள் அறுநூறிலிருந்து இரண்டாயிரத்துக்குள்தான் இருக்கும் என்ற மதிப்பீட்டை வைத்து, அங்குள்ள இன்யூப்பியாட் பழங்குடி மக்களுக்கு வேட்டைத் தடையிலிருந்து தந்திருந்த விலக்கைச் சர்வதேச திமிங்கில ஆணையம் ரத்து செய்தது. பெரும் போராட்டத்துக்குப் பின் 1978-க்குக் கிடைத்தது பிடித்துக் கரை சேர்த்தது 12 திமிங்கிலம், அல்லது ஈட்டி பட்டது (தப்பியதும் சேர்த்து) 18, எது முதலில் முடிகிறதோ அது.

அந்த எண்ணிக்கையை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள். வசந்தத்தில் பாரோ முனையருகே கரையோரப் பனிக்கும் மிதக்கும் பனிக்கும் நடுவே ஒரு நீர்ப்பாதை திறக்கும். பனிமேட்டின் மேல் உட்கார்ந்து, அந்தப் பாதையில் மூச்சுவிட எழும் திமிங்கிலங்களை எண்ணுவார்கள். கண்ணுக்கு எட்டுவது சில கிலோமீட்டர். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலம் வரவில்லை என்று கணக்கு.

ஹாரி பிரௌவர் போன்ற மூத்த வேட்டைக்காரர்கள் சொன்னது இரண்டு விஷயம். பாதை மூடினாலும் அவை பனிக்கடியில் வந்துகொண்டுதான் இருக்கும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சுவிடும். இரண்டாவது, கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் கூட்டம் போகும். இரண்டும் சோதித்துப் பார்க்கக்கூடியவை. பனியோரமாக வரிசையாக ஹைட்ரோபோன்களை (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) கடலில் இறக்கினார்கள். ஒரே குரல் ஒவ்வொரு ஹைட்ரோபோனுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத் திமிங்கிலம் எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். பாதை மூடியிருந்த நாட்களிலும் குரல் கேட்டது. பார்வைக்கு அப்பாலிருந்தும் கேட்டது. 18 செ.மீ. வரை தடித்த பனியை அவை உடைத்ததையும் நேரில் அளந்து பதிந்தார்கள்.

ரவி: சரி, இப்போது பதினாறாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். அறுநூறு எங்கே, பதினாறாயிரம் எங்கே! இவ்வளவும் பழைய கணக்கின் பிழை என்கிறீர்களா?

இல்லை. இதை அப்படித் தூக்கிப் பேசுகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 16,900. ஆண்டுக்கு 3.7 சதவீத வளர்ச்சி. அதே வேகத்தில் பின்னோக்கிப் போனால் 1978-ல் ஐயாயிரத்தை ஒட்டி வரும். அப்போது சொன்ன மேல்வரம்பே இரண்டாயிரம்தான். பிழை அந்த அளவு. அதற்கு மேல் உள்ளது உண்மையிலேயே குட்டி போட்டுப் பெருகியது, வேட்டை நடந்துகொண்டே இருந்தபோதும்.

கவின்: அப்படியானால் விஞ்ஞானியே வேண்டாம், வேட்டைக்காரரைக் கேட்டால் போதும். ரவிக்கு இது புரியவில்லை.

உங்களுக்கும்தான் புரியவில்லை, கவின். வேட்டைக்காரர்கள் எண்ணிக்கை சொல்லவில்லை. எண்ணும் முறையில் ஓட்டை எங்கே என்று சொன்னார்கள். அதற்கு அவர்களை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் ஊரருகே எத்தனை தென்படுகிறது என்பதை வைத்து மொத்தம் இவ்வளவு என்று சொன்னால் தவறிப்போகும். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரை ஊர்களில் முன்பைவிடக் கரடிகள் அதிகம் தென்படுவதாகச் சொல்கிறார்கள், அது உண்மை. விமானக் கணக்கெடுப்பில் அங்கே கரடிகள் 2016-ல் 842, 2021-ல் 618. அதுவும் உண்மை. பனி சீக்கிரம் உருகுவதால் கரடிகள் கரையில் தங்கும் நாட்கள் கூடிவிட்டன, ஊர்ப்பக்கம் வருகின்றன. குறைந்த கரடிகள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன.

ரவி: இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 200 வயது திமிங்கிலத்தைக் கொல்வது…

அது அறம் சார்ந்த கேள்வி, தனியாகப் பேச வேண்டியது. 200 வயது என்பது மட்டும் கதையில்லை. கண் வில்லையின் நடுவில் உள்ள அஸ்பார்ட்டிக் அமிலம் காலப்போக்கில் வடிவம் மாறும் வேகத்தை வைத்து ஒன்றின் வயதை 211 என்று மதிப்பிட்டார்கள். பிழைவீச்சு பல பத்தாண்டுகள். 2007-ல் பிடித்த ஒன்றின் உடம்பில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த வெடியீட்டித் துண்டு கிடைத்தது.

அகிலா (பத்தாம் வகுப்பு): துருவக் கரடி பெங்குவினைச் சாப்பிடுமா?

சந்திக்கவே வாய்ப்பில்லை. கரடி வடக்கே, பெங்குவின் தெற்கே.

தினேஷ்: துருவக் கரடி பெங்குவினை ஏன் வேட்டையாடுவதில்லை?

ஒரு கேள்வி மேலே பாருங்கள்.

ஜோசப்: அண்டார்டிகாவில் வேலை கிடைக்குமா? சம்பளம் எவ்வளவு?

கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள். விஞ்ஞானிகள் மட்டுமில்லை, மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு மருத்துவர், சமையல்காரர், மெக்கானிக், எலக்ட்ரீஷியன் எல்லோரும் வேண்டும். மருத்துவப் பரிசோதனையும் ஔலியில் பனிப் பயிற்சியும் உண்டு. சம்பளமும் அவர்களிடமே.

ரேணுகா: தொழிற்சாலையே இல்லாத இடத்தில் தாய்ப்பாலில் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு வேதிப்பொருள் இருந்ததாமே? அப்படியென்றால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

1980-களின் இறுதியில் நுனாவிக் தாய்மாரின் பாலில் தெற்குக் கியூபெக்கைவிடச் சுமார் ஐந்து மடங்கு பிசிபி இருந்தது. வெப்பமான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படியும் பொருள் அது. கொழுப்பில் தங்கும். மிதவையுயிர், மீன், சீல், கரடி, மனிதர் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். குளிர்ப் பிரதேசம் சுத்தமான பிரதேசம் என்று சுற்றுலா விளம்பரத்தில் சொல்லலாம்.

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அங்கே சுகாதாரத் துறையினர் சொல்வதும் அதுதான். கர்ப்பிணிகள் பெலுகா இறைச்சியைக் குறைத்து (அதில் இருப்பது பாதரசம்), ஆர்க்டிக் சார் மீனைக் கூட்டிக்கொண்டால் நல்லது. வேட்டையிலும் மீன்பிடிப்பிலும் கிடைக்கும் பாரம்பரிய உணவை மொத்தமாக நிறுத்தினால் அந்த இடத்தில் வந்து உட்காருவது குளிர்பானமும் சிப்ஸும்தான். அந்தக் கணக்கையும் போட வேண்டும்.

இளங்கோ: உறைமண் உருகி ஆந்த்ராக்ஸ் வந்ததாகச் சொல்வது மிகையா?

2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் ரெயின்டீர்கள் செத்தன, 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். வெப்பத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. பல பத்தாண்டுகளாக நோய் வரவில்லை என்று 2007-ல் ரெயின்டீர்களுக்குத் தடுப்பூசி போடுவதை நிறுத்தியிருந்தார்கள். மண்ணில் கிருமியின் வித்து அத்தனை காலமும் இருந்தது. உறைந்துதான் இருந்தது, சாகவில்லை.

ஹரி: கடற்பனி உருகினால் சென்னை மூழ்குமா?

மிதக்கும் பனி உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய மாறாது. நிலத்தின் மேல் உள்ள பனி வேறு கதை, பனியாற்று ஆய்வாளரைக் கேளுங்கள்.

வசந்த்: கனடாவில் இருக்கும் நண்பர் கரடி இறைச்சி கொடுத்தார் மேடம். நன்றாக உறைய வைத்ததுதான், மைனஸ் 18. பயமில்லையே?

ஆனந்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வசந்த்: படித்தேன். மைனஸ் 80 ஃப்ரீசர் என்றால்?

74 டிகிரி. பிளஸ் 74. வெப்பமானியின் முனை எலும்பைத் தொடாமல், துண்டின் தடித்த பகுதியின் நடுவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் தனியாகக் குத்திப் பாருங்கள், நிறம் மாறியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெட்டிய பலகையையும் கத்தியையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவுங்கள்.