ரேடியோ போர்டில் பவர் வரவில்லை: கேள்வி பதில்

வாய்க்கால் நீர்மட்டம், பம்ப்செட் ஓடுகிறதா நிற்கிறதா என்பதையெல்லாம் லோரா என்ற தொலைதூர ரேடியோ முறையில் அனுப்ப, சொந்தமாக போர்டு போடும் பிள்ளைகள் டெல்டாவில் பெருகிவிட்டார்கள். முதல் போர்டு கைக்கு வந்ததும் பலரும் சொல்வது ஒன்றுதான்: 20 டிபிஎம் (அனுப்பும் பவரின் அளவு) போட்டேன், வரவில்லை. கேட்டவர்கள் எல்லோருமே எஸ்எக்ஸ்1276 சிப்பை 866 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறவர்கள். பதில்களும் அதற்கானவை.

திருவாரூர், கல்லூரி மாணவர்: சார், கோடுல 20 டிபிஎம் குடுத்திருக்கேன். டைனிஎஸ்ஏ அனலைசர்ல, சிக்னலைக் குறைக்கிற 30 டிபி அட்டென்யூவேட்டரைக் கணக்குல கூட்டிப் பார்த்தாலும் 6 டிபிஎம்தான் காட்டுது. ஆவரேஜ் போட்டுதான் பார்த்தேன். சிப் போயிடுச்சா?

சிப்பைக் கழற்றிவிடாதீர்கள் தம்பி. முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவை.

லோரா சிக்னல் ஒரே இடத்தில் நிற்பதில்லை, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அனலைசரில் ஆர்பிடபிள்யூ (கருவி ஒரு சமயத்தில் பார்க்கும் அகலம்) 10 கிலோஹெர்ட்ஸ் என்று இருந்தால், ஆவரேஜில் அந்தப் பவரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஒரு சமயத்தில் கண்ணுக்குத் தெரியும். இதிலேயே 11 டிபி போயிற்று. பாக்கெட் விட்டுவிட்டு வந்தால் இன்னும் குறையும். அதனால் மாடுலேஷனை நிறுத்தி, சிப்பை வெறும் கேரியரை (ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் அலையை) மட்டும் தொடர்ந்து அனுப்பும் நிலையில் வைத்து அளந்து பாருங்கள். எந்த போர்டாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இந்த அளவைத்தான்.

அடுத்தது கேபிள். மெலிசான ஆர்ஜி174 இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிபி தின்னும். 2 மீட்டர் போட்டிருந்தால் 2 டிபி கணக்கில் வரவேண்டும். அட்டென்யூவேட்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்ற வேண்டாம். அந்தக் கருவி தாங்குவது 10 டிபிஎம்தான்.

அதே மாணவர், மறுநாள்: கேரியர் மட்டும் விட்டுப் பார்த்தேன் சார். கேபிளையும் சேர்த்தா 19 வருது.

அப்படியானால் போர்டில் குறையே இல்லை. இனி ஆன்டெனா வேலையைப் பாருங்கள்.

மயிலாடுதுறை: அண்ணே, நான் கேரியர்லதான் அளந்தேன். 17 டிபிஎம் கேட்டா மைனஸ்ல நிக்குது.

அனலைசரை வைத்துவிட்டு, அனுப்பும் நேரத்தில் போர்டு இழுக்கும் கரன்ட்டை அளந்து சொல்லுங்கள். இந்த சிப்புக்கு வெளியே வர வழி இரண்டு. ஆர்எஃப்ஓ என்ற காலில் (பின்னில்) 14 டிபிஎம் வரைதான். பிஏ பூஸ்ட் காலில் 17, தனி ஏற்பாடு செய்தால் 20. சிப் மட்டும் பிஏ பூஸ்டில் 17-க்கு 90 மில்லிஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும், 20-க்கு 120 ஆகும். ஆர்எஃப்ஓவில் 13 கொடுத்தால் 30-ஐத் தாண்டாது.

வாய்க்கால் கடைமடையில் தண்ணீர் இல்லையென்றால் மதகிலிருந்துதானே பார்த்துக்கொண்டு வருவோம்? இங்கே மதகு இந்த கரன்ட். 30 மில்லிஆம்பியர்தான் ஓடுகிறது என்றால், போர்டில் பிஏ பூஸ்ட் காலை இணைத்துவிட்டு லைப்ரரியில் ஆர்எஃப்ஓவைத் தேர்ந்திருக்கிறீர்கள். சிப்பின் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்டர்களில் 09 எண் ரிஜிஸ்டரின் மேல் பிட்டை 1 ஆக்குங்கள். ரீசெட் ஆனதும் அது 0-வில்தான் இருக்கும். 20 டிபிஎம் வேண்டுமானால் 4டி ரிஜிஸ்டரில் 87 எழுத வேண்டும் (இரண்டும் ஹெக்ஸ் எண்கள்), கரன்ட் வரம்பையும் உயர்த்த வேண்டும். அந்த வரம்பு முதலில் 100 மில்லிஆம்பியரில் இருக்கும், 120 தேவைப்படும் இடத்தில் அதுவே கழுத்தைப் பிடித்துவிடும்.

கரன்ட் சரியாக ஓடியும் பவர் வரவில்லை என்றால், அது சிப்பைத் தாண்டித்தான் தொலைகிறது.

மயிலாடுதுறை: 85 ஓடுதுண்ணே. ஆன்டெனாவுக்குப் போற டிராக்கை மெலிசா போட்டுட்டேன், அதான் காரணமா? 1.6 மில்லிமீட்டர் ரெண்டு லேயர் போர்டு.

அந்த போர்டில் 50 ஓம் வர, டிராக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். ஆனால் உங்கள் டிராக்கின் நீளம் 1 சென்டிமீட்டர் என்றால், அதனால் இத்தனை டிபி போகாது. எஸ்டபிள்யூஆர் (பொருத்தமின்மையின் அளவு) 3 இருந்தால்கூடப் பொருத்தமின்மையால் நேராக இழப்பது 1.25 டிபிதான். சிப்புக்குப் பிடிக்காத லோடு என்பதால் இன்னும் கொஞ்சம் குறையலாம். 15, 20 டிபி காணவில்லை என்றால் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.

லென்ஸ் வைத்து, சிப்பை ஆன்டெனாவோடு பொருத்தும் மேட்சிங் பகுதியைப் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் சர்க்யூட்டின் இண்டக்டர், கெபாசிட்டர் மதிப்புகளை அப்படியே போட்டுவிட்டார்களா? பக்கத்துப் பக்கத்து ரீலில் இருந்து மாறி வந்திருக்கிறதா? எஸ்எம்ஏ கனெக்டர் ஒரு வழி, சிப் ஆன்டெனா ஒரு வழி என்று வைத்து, இரண்டு ஜீரோ ஓம் ரெசிஸ்டரையும் சால்டர் செய்துவிட்டீர்களா? இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கனெக்டரின் கிரவுண்ட் கால்களையும் தொட்டுப் பாருங்கள். பெரிய காப்பர் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் சால்டர் உருண்டை மேலே பளபளவென்று இருக்கும், அடியில் ஒட்டியே இருக்காது.

கும்பகோணம்: பெஞ்ச் சப்ளைல நல்லா இருக்கு. பேட்டரி மாட்டினா பவர் தொங்குது.

ஸ்கோப் புரோபை பேட்டரியில் வைக்காமல் சிப்பின் சப்ளை காலில் வையுங்கள். அனுப்பும் அந்த நொடியில் 3.3 வோல்ட் எங்கே விழுகிறது என்று தெரியும். 20 டிபிஎம்முக்கு அந்தக் காலில் குறைந்தது 2.4 வோல்ட் நிற்க வேண்டும். நாணய பேட்டரி 120 மில்லிஆம்பியர் கொடுக்காது. நீள ஒயரும் மெல்லிய டிராக்கும் மீதியைத் தின்றுவிடும்.

வேதாரண்யம்: சார், மேசையில 19 வருது. தென்னந்தோப்புல 300 மீட்டர் தாண்ட மாட்டேங்குது. வெளியில ஒரு வாட் ஆம்ப்ளிஃபையர் போட்டுடலாமா?

1 வாட் வரை சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன் பணம் செலவில்லாத வேலைகள் இருக்கின்றன. ஆன்டெனா இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். எஸ்எம்ஏவும் ரிவர்ஸ் எஸ்எம்ஏவும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், நடுவில் ஊசி தொடவே தொடாது, கழற்றிப் பாருங்கள். குச்சி ஆன்டெனா 8 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும்.

பிறகு உயரம். நம் பக்கம் தரை தட்டையாக இருப்பதால், திறந்த வயலில் ஆன்டெனாவை 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு ஏற்றினாலே ஏறக்குறைய 6 டிபி கிடைக்கும். பவரை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். தோப்புக்குள் ஈர மட்டைகள் இன்னும் தின்னும், அதனால் கம்பத்தைத் தோப்பின் ஓரத்துக்குக் கொண்டுவந்து பயிருக்கு மேலே தூக்குங்கள். கடலோரம் என்பதால் கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள்; உப்பு ஈரம் கேபிள் பின்னலுக்குள் இறங்கினால் அடுத்த ஐப்பசியில் மறுபடி பவர் இல்லை என்று கேட்பீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் எட்டவில்லை என்றால் ஆம்ப்ளிஃபையர் போடுங்கள். அதற்குப் பின்னால் ஹார்மோனிக்ஸை (மடங்கு அலைவரிசைகளில் வரும் வேண்டாத சிக்னலை) வடிகட்டும் லோ பாஸ் ஃபில்டரும் கட்டாயம் வேண்டும்.